பயிற்சியாளர் முதலிலா, நட்சத்திரம் முதலிலா? ஒரு என்.பி.ஏ. கோடையைப் புரிந்துகொள்ள

2024 ஏப்ரல் 29 இரவு, டென்வர். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் பிளே ஆஃப் முதல் சுற்றில் ஐந்தாவது ஆட்டம். ஸ்கோர் 106-106. கடிகாரத்தில் 3.6 விநாடி மிச்சம் இருந்தபோது நகெட்ஸ் அணியின் ஜமால் மர்ரி எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. 108-106. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் சீசன் அத்துடன் முடிந்தது. ஆட்டத்துக்குப் பிறகு நிருபர்கள் அந்த அணியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸிடம், லேக்கர்ஸுக்காக ஆடிய கடைசி ஆட்டம் இதுதானா என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து, மே 3 அன்று, தலைமைப் பயிற்சியாளர் டார்வின் ஹாம் நீக்கப்பட்டார்.

அடுத்த ஏழு வாரங்கள் அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களில் இரண்டு கேள்விகள் அருகருகே ஓடின. லேக்கர்ஸின் அடுத்த பயிற்சியாளர் யார்? 39 வயது லெப்ரான் அங்கேயே இருப்பாரா, வேறு அணிக்குப் போவாரா, ஓய்வு பெறுவாரா? என்.பி.ஏ.யைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவருக்கு இவை தனித்தனிச் செய்திகளாகத் தெரியலாம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது. கோடை வந்தால் ஏதாவது ஓர் அணியில் இதே முடிச்சு விழுகிறது. அது எப்படி விழுகிறது, எப்படி அவிழ்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பயிற்சியாளரின் கையில் இருப்பது

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் முதலில் ஒரு பழக்கத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். கிரிக்கெட்டில் களத்தில் முடிவெடுப்பவர் அணித்தலைவர். பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். கூடைப்பந்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆடுகளத்தின் விளிம்பிலேயே நின்று ஆட்டத்தை நடத்துகிறார். தலா 12 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள், மொத்தம் 48 நிமிடம். களத்தில் ஐந்து பேர். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். யார் இறங்குவது, யார் பெஞ்சுக்குத் திரும்புவது, ஏழு டைம் அவுட்களை எப்போது எடுப்பது, கடைசி வாய்ப்பில் பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவருடைய முடிவு.

வயதான நட்சத்திரத்தைப் பொறுத்தவரை இந்த அதிகாரத்தின் முழு எடையும் ஒரே சொல்லில் வந்து நிற்கும்: நிமிடங்கள். 2025 ஏப்ரல் 27 அன்று மினசோட்டாவில் நடந்த பிளே ஆஃப் ஆட்டம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அப்போது லேக்கர்ஸின் பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக். இரண்டாவது பாதி தொடங்கியபோது களமிறக்கிய அதே ஐவரை அவர் ஆட்டம் முடியும்வரை மாற்றவே இல்லை. 24 நிமிடம், ஒரு மாற்று வீரர்கூட உள்ளே வரவில்லை. அந்த ஐவரில் ஒருவர் லெப்ரான். அப்போது அவருக்கு 40 வயது. மூன்றாவது பகுதி முடிந்தபோது லேக்கர்ஸ் 10 புள்ளி முன்னிலையில் இருந்தது. கடைசிப் பகுதியில் மினசோட்டா 32 புள்ளி எடுத்தது, லேக்கர்ஸ் 19. ஆட்டம் 116-113 என்று கைவிட்டுப் போனது. அந்த முடிவை ஆதரித்தும் எதிர்த்தும் நாள்கணக்கில் பேசினார்கள். என் கணிப்பில் அது தவறான முடிவு. இரண்டு நிமிட ஓய்வுகூட இல்லாமல் எவருடைய கால்களும் கடைசி நிமிடங்களுக்குத் தாக்குப்பிடிக்காது. ஒரு நட்சத்திரம் தன் பயிற்சியாளர் யார் என்பதில் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறார் என்பது இந்த ஓர் ஆட்டத்திலேயே விளங்கிவிடும்.

பயிற்சியாளருக்கு இல்லாத அதிகாரமும் ஒன்று உண்டு. வீரர்களை வாங்குவதும் விற்பதும் பொது மேலாளரின் வேலை. கையில் கொடுத்த வீரர்களை வைத்துத்தான் பயிற்சியாளர் ஆட வேண்டும். ஆனாலும் அணி தோற்றால் முதலில் போவது அவர்தான். இதற்குக் காரணம் விதிகளிலேயே இருக்கிறது. ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு என்.பி.ஏ. வரம்பு வைத்திருக்கிறது, 2024-25 சீசனில் அது சுமார் 14.06 கோடி டாலர். ஒரு வீரரை மாற்ற வேண்டுமென்றால் அந்த வரம்பு, அதற்கு மேல் இருக்கும் வரிகள், எதிரணியின் சம்மதம் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். பயிற்சியாளரின் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. உரிமையாளர் காசோலை எழுதத் தயாராக இருந்தால் போதும், மறுநாளே அவரை அனுப்பிவிடலாம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023-இல் மாண்டி வில்லியம்ஸை ஆறு ஆண்டுக்கு 7.85 கோடி டாலருக்கு அமர்த்தியது. அணி அந்த சீசனில் 14 வெற்றி, 68 தோல்வி. ஐந்து ஆண்டுச் சம்பளம், ஏறத்தாழ 6.5 கோடி டாலர், பாக்கி இருக்கும்போதே அவரை அனுப்பிவிட்டார்கள்.

டார்வின் ஹாம் கதையும் இந்த வகைதான். இரண்டு சீசனில் 90 வெற்றி, 74 தோல்வி. முதல் ஆண்டிலேயே மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை அணியைக் கொண்டுபோனார். 2023 டிசம்பரில் முதன்முறையாக நடந்த சீசன் இடைக்கோப்பையை வென்றார். இரண்டு பிளே ஆஃபிலும் அவரை வெளியேற்றியது டென்வர்தான். முதல் ஆண்டில் டென்வர் பின்னர் பட்டத்தையே வென்றது. அவருடைய ஆட்டத் திட்டங்களில் குறைகள் இருந்தன. ஆனால் அந்தக் குறைகளுக்குக் கிடைத்த தண்டனை அளவுக்கு மீறியது என்றே நான் நினைக்கிறேன். வீரர்களை மாற்ற முடியாத கோபம் பயிற்சியாளரின் தலையில் விடிந்தது.

தேடல் நடக்கும் விதம்

உலகத்தில் என்.பி.ஏ. தலைமைப் பயிற்சியாளர் பதவிகள் மொத்தமே முப்பது. ஓர் இடம் காலியானால் நான்கு வகையானவர்களின் பெயர்கள் அடிபடும்: முன்பு வேறு அணியில் தலைமைப் பதவி வகித்து நீக்கப்பட்டவர்கள், மற்ற அணிகளின் துணைப் பயிற்சியாளர்கள், பல்கலைக்கழக அணிகளை வெற்றிகரமாக நடத்துபவர்கள், ஆட்டத்தைக் கூர்மையாகப் படிப்பவர்கள் என்று பெயரெடுத்த முன்னாள் வீரர்கள்.

வேறு அணியில் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவரிடம் நேராகப் போய்ப் பேச முடியாது. அவருடைய அணியிடம் முறைப்படி அனுமதி கேட்க வேண்டும். நல்ல துணைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் நன்றாக ஆடும் அணிகளில்தான் இருப்பார்கள்; அந்த அணிகள் ஜூன் வரை பிளே ஆஃபில் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் கிடைக்கும் ஓரிரு நாளில் நேர்காணல் நடக்கும். போகிறவர் வெறுங்கையோடு போக மாட்டார். அந்த அணியின் ஆட்டங்களிலிருந்து வெட்டியெடுத்த வீடியோத் துண்டுகள், தன்னோடு அழைத்துவர விரும்பும் உதவியாளர்களின் பட்டியல், இருக்கும் நட்சத்திரத்தை எப்படிப் பயன்படுத்துவார் என்ற திட்டம் எல்லாம் அவரிடம் இருக்கும். முதல் சுற்றில் பொது மேலாளரும் அவருடைய குழுவும் பேசுவார்கள். முடிவுச் சுற்றில் உரிமையாளர் உட்காருவார். லேக்கர்ஸில் அந்த இரு நாற்காலிகளில் இருந்தவர்கள் ராப் பெலின்காவும் ஜீனி பஸ்ஸும்.

2024-இல் லேக்கர்ஸ் பட்டியலில் இந்த நான்கு வகையும் இருந்தன. ஷார்லட் அணியின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் பொரேகோ. பாஸ்டனின் துணைப் பயிற்சியாளர் சாம் கேசல். 15 சீசன் ஆடி 2021-இல் ஓய்வு பெற்ற ரெடிக். ஜூன் 6 அன்று திடீரென நான்காவது பெயர் வெளியே வந்தது: கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டான் ஹர்லி. 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்களை வென்றவர். ஆறு ஆண்டுக்கு 7 கோடி டாலர் தருவதாக லேக்கர்ஸ் சொன்னதாகச் செய்திகள் வந்தன. ஹர்லி லாஸ் ஏஞ்சலிஸ் போய்ப் பார்த்துவிட்டு, ஜூன் 10 அன்று வேண்டாம் என்றார். அடுத்த மாதம் கனெக்டிகட்டோடு ஆறு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. செய்தி யாரோ ஒருவர் சொல்லித்தான் வெளியே வருகிறது. பயிற்சியாளரின் முகவர் சொல்லியிருந்தால், இப்போதைய அணியிடம் அதிகச் சம்பளம் கேட்பதற்கு அந்தச் செய்தி உதவும். அணி நிர்வாகம் சொல்லியிருந்தால், ரசிகர்களிடமும் நட்சத்திரத்திடமும் தாங்கள் பெரிதாக யோசிக்கிறோம் என்று காட்ட உதவும். ஒருவர் பரிசீலனையில் இருக்கிறார் என்ற செய்திக்குப் பெரிய மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை. நேர்காணல் முடிந்தது, ஒப்பந்தத் தொகை பேசப்படுகிறது என்று வந்தால் கவனிக்கலாம்.

நட்சத்திரத்தின் நாட்காட்டி

இப்போது மற்றொரு கேள்வி. லெப்ரானின் எதிர்காலம் ஏன் நிச்சயமில்லாமல் இருந்தது? அவருடைய ஒப்பந்தத்தில் 2024-25 சீசன் 'பிளேயர் ஆப்ஷன்' ஆக இருந்தது. அதாவது அந்த ஆண்டு ஆடுவதா, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறுவதா என்று முடிவு செய்யும் உரிமை அணிக்கு அல்ல, அவருக்கு. இருந்தால் 5.14 கோடி டாலர். முடிவைச் சொல்லக் கடைசி நாள் ஜூன் 29. வெளியேறினால் எந்த அணியோடும் பேசலாம். இதைத்தான் ஃப்ரீ ஏஜென்ட் என்கிறார்கள்.

2014-இல் கிளீவ்லண்டுக்குத் திரும்பியதிலிருந்தே அவர் இந்த வகைக் குறுகிய ஒப்பந்தங்களைத்தான் அதிகம் விரும்பினார். ஓராண்டு, ஈராண்டு, கடைசி ஆண்டு தன் விருப்பம். இதன் பலம் எளிதில் புரியும். ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்திட்டுவிட்ட வீரரின் கருத்தை நிர்வாகம் மரியாதைக்காகக் கேட்கும். அடுத்த ஜூனில் போய்விடக்கூடிய வீரரின் கருத்தைக் கட்டாயத்தால் கேட்கும்.

பணக்கணக்கும் இதில் உண்டு. பத்து ஆண்டு அனுபவம் உள்ள வீரர் அணியின் சம்பள வரம்பில் 35 சதவீதம் வரை பெறலாம். வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே மனிதருக்குப் போகுமா போகாதா என்று தெரியாமல் மற்ற வீரர்களுக்கு எவ்வளவு தரலாம் என்று சொல்ல முடியாது. இதற்கு மேல் 'இரண்டாவது ஏப்ரன்' என்று ஒரு கோடு இருக்கிறது. 2024-25-இல் அது சுமார் 18.9 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. வேறு பல வழிகளும் அடைபடும். ஆக, நட்சத்திரத்தின் முடிவு தெரியாமல் அணியின் வடிவம் தெரியாது; அணியின் வடிவம் தெரியாமல் எப்படிப்பட்ட பயிற்சியாளர் வேண்டும் என்பதும் தெரியாது. ஆனால் நட்சத்திரமோ பயிற்சியாளர் யார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்புவார்.

நாள்களின் வரிசை இதை இன்னும் இறுக்குகிறது. ஜூன் நடுவில் இறுதிச் சுற்று முடிகிறது. கடைசி வாரத்தில் டிராஃப்ட், அதாவது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. 29-இல் ஆப்ஷன் கெடு. 30 மாலை மற்ற அணிகளின் ஃப்ரீ ஏஜென்ட்களோடு பேச்சு தொடங்குகிறது. டிராஃப்டுக்கு முன் பயிற்சியாளரைப் பிடித்துவிட வேண்டும் என்று நிர்வாகங்கள் அவசரப்படுவது இதனால்தான்.

ஆண்டுக்கணக்கு பொருந்தாததுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. பயிற்சியாளரோடு நான்கு, ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். மூத்த நட்சத்திரத்துக்கு மிச்சம் இருப்பது ஓராண்டோ ஈராண்டோ. அந்த ஓராண்டுக்காரரைத் திருப்திப்படுத்த ஐந்தாண்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கலாமா? கூடாது என்பதுதான் என் எண்ணம். நட்சத்திரம் போன பிறகும் அந்த அணிக்கு இவர் சரிப்படுவாரா என்று கேட்டு, ஆம் என்று பதில் வந்தால்தான் அவரை அமர்த்த வேண்டும். கடந்த 15 ஆண்டுகளின் அனுபவம் இதற்குச் சாட்சி. அதிலும் கிளீவ்லண்ட் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும்.

கிளீவ்லண்டில் இருமுறை

2010-இல் லெப்ரானுக்கு 25 வயது. கிளீவ்லண்ட் கேவலியர்ஸ் அந்த சீசனில் 61 ஆட்டங்களை வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு 66. பயிற்சியாளர் மைக் பிரவுன் 2009-இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்றவர். மே மாதம் இரண்டாம் சுற்றில் பாஸ்டனிடம் 4-2 என்று தோற்றார்கள். ஜூலை 1 அன்று லெப்ரான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகப்போகிறார். நிர்வாகம் பயந்தது. மே 24 அன்று பிரவுன் நீக்கப்பட்டார். இரண்டு ஆண்டில் 127 வெற்றி பெற்றுத் தந்தவர் அவர்.

உரிமையாளர் டான் கில்பர்ட் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டாம் இஸ்ஸோவை அழைத்தார். 2000-இல் தேசியப் பட்டம் வென்ற, தன் மாநிலத்தில் பெரும் மதிப்புப் பெற்ற பயிற்சியாளர். இஸ்ஸோ சில நாள்கள் யோசித்தார். லெப்ரான் இருப்பாரா மாட்டாரா என்ற உறுதி அவருக்குக் கிடைக்கவில்லை. ஜூன் 15 அன்று அவர் தன் பல்கலைக்கழகத்திலேயே இருக்க முடிவு செய்தார். அவருடைய இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிறகு ஜூலை தொடக்கத்தில் பைரன் ஸ்காட் வந்தார். ஜூலை 8 அன்று தொலைக்காட்சி நேரலையில் லெப்ரான் மயாமிக்குப் போவதாக அறிவித்தார். அடுத்த சீசனில் கிளீவ்லண்டுக்கு 19 வெற்றி, 63 தோல்வி. நடுவில் தொடர்ச்சியாக 26 தோல்வி. பாவம், ஸ்காட் எந்த அணியை நம்பி வந்தாரோ அந்த அணி ஒரே வாரத்தில் காணாமல் போனது.

நட்சத்திரத்தைத் தக்கவைக்கப் பயிற்சியாளரைப் பலி கொடுத்தார்கள். நட்சத்திரமும் போனார், நல்ல பயிற்சியாளரும் போனார். 2013-இல் கிளீவ்லண்ட் அதே மைக் பிரவுனைத் திரும்ப அழைத்தது. ஓராண்டில் மறுபடியும் நீக்கியது. அந்த நிர்வாகத்தின் தடுமாற்றத்தைச் சொல்ல இது ஒன்றே போதும்.

இரண்டாவது முறை நடந்தது தலைகீழ். 2014 ஜூன் 20 அன்று கிளீவ்லண்ட் டேவிட் பிளாட்டை அமர்த்தியது. அதற்கு முந்தைய மாதம்தான் அவர் மக்காபி டெல் அவிவ் அணியோடு ஐரோப்பியப் பட்டத்தை வென்றிருந்தார். கைரி அர்விங் போன்ற இளைஞர்களைப் பொறுமையாக வளர்ப்பதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. மூன்று வாரம் கழித்து, ஜூலை 11 அன்று, லெப்ரான் கிளீவ்லண்டுக்குத் திரும்புவதாக அறிவித்தார். பிளாட்டின் வேலை ஒரே இரவில் வேறாகிவிட்டது. இளைஞர்களை வளர்க்க வந்தவர் இப்போது உடனே பட்டம் வெல்ல வேண்டும். முதல் ஆண்டு இறுதிச் சுற்று வரை போனார். இரண்டாம் ஆண்டு நடுவில், 2016 ஜனவரி 22 அன்று, 30 வெற்றி 11 தோல்வியோடு கிழக்குப் பிரிவின் முதலிடத்தில் இருந்தபோதே நீக்கப்பட்டார். உதவியாளராக இருந்த டைரன் லூ பொறுப்பேற்றார். அந்த ஜூனில் கிளீவ்லண்ட் 1-3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு தன் முதல் பட்டத்தை வென்றது.

பட்டம் கிடைத்தது என்பதால் அந்த நீக்கம் சரி என்று பலர் சொல்வார்கள். லூ தன் வேலையை அருமையாகச் செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிளாட்டை அமர்த்தியபோது இருந்த திட்டமும் அவரை நீக்கியபோது இருந்த அணியும் வேறு வேறு. அவர் தோற்றார் என்பதைவிட, அவருக்குத் தந்த வேலை அவருடைய காலடியிலேயே மாறிப்போனது என்பதுதான் பொருத்தம்.

ஃபீனிக்ஸ் சொல்லும் கதை

லெப்ரானை விட்டு விலகி, மற்றொரு நட்சத்திரமான கெவின் டுரான்டைப் பார்ப்போம். 2023 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் சன்ஸ் நான்கு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் நல்ல இளம் வீரர்களையும் கொடுத்து அவரை வாங்கியது. அந்த மே மாதம் மாண்டி வில்லியம்ஸ் நீக்கப்பட்டார். அடுத்து வந்த ஃபிராங்க் வோகல் 2020-இல் லேக்கர்ஸோடு பட்டம் வென்றவர். அவர் 2024 மே மாதம் போனார். அடுத்து வந்த மைக் பூடன்ஹோல்சர் 2021-இல் மில்வாக்கியோடு பட்டம் வென்றவர்; 36 வெற்றி, 46 தோல்வி என்று முடிந்த சீசனின் மறுநாள், 2025 ஏப்ரல் 14 அன்று, அவரும் போனார். இரண்டு ஆண்டுக்குள் மூன்று பயிற்சியாளர்கள். மூவருமே தேர்ந்தவர்கள். இரண்டாவது ஏப்ரனைத் தாண்டிய, வயதேறிய, ஆளை மாற்ற வழியில்லாத ஓர் அணியை எந்தக் கரும்பலகைத் திட்டமும் காப்பாற்றாது.

நான்காவது முறை ஃபீனிக்ஸ் வேறு மாதிரி நடந்துகொண்டது. 36 வயது டுரான்டைப் பரிமாற்றத்தில் அனுப்புவது என்று மனத்தளவில் முடிவெடுத்துவிட்டுத்தான் தேடலைத் தொடங்கியது. 2025 ஜூனில் கிளீவ்லண்டின் துணைப் பயிற்சியாளர் ஜோர்டன் ஆட் அமர்த்தப்பட்டார். பட்டம் வென்ற பெயர் அல்ல. வீரர்களை வளர்ப்பதில் பெயரெடுத்தவர். அணியின் மையமாக இருக்கப்போவது டெவின் புக்கர் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஜூன் 22 அன்று டுரான்டை ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு அனுப்ப உடன்பாடு ஆனது. பதிலுக்கு ஜேலன் கிரீன், டிலன் புரூக்ஸ், பத்தாவது டிராஃப்ட் இடம், ஐந்து இரண்டாம் சுற்று உரிமைகள் கிடைத்தன.

தன் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது என்ற தடுப்புரிமை எதுவும் டுரான்டுக்கு எழுத்தில் இருக்கவில்லை. ஆனாலும் அவர் ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மிச்சம் இருந்தது. அவர் நீடிக்க விரும்பாத அணி அவருக்காகப் பெரிய விலை தராது. அதனால் அவர் போக விரும்பிய ஊர்களின் பட்டியலுக்கு மதிப்பு இருந்தது. ஹூஸ்டன் அதில் ஒன்று. மூத்த நட்சத்திரத்தின் செல்வாக்கு இப்படியும் வேலை செய்யும்.

மீண்டும் லேக்கர்ஸ்

ஹர்லி மறுத்த பிறகு 2024 ஜூனில் நாள்கள் வேகமாக நகர்ந்தன. 20-ஆம் தேதி ரெடிக்கிடம் நான்கு ஆண்டு ஒப்பந்தம் நீட்டப்பட்டது. 24-ஆம் தேதி, தன் 40-ஆவது பிறந்தநாளன்று, எல் செகுண்டோவில் இருக்கும் பயிற்சி மையத்தில் அவர் ஊடகங்களின் முன் உட்கார்ந்தார். அதுவரை அவர் எந்தத் தொழில்முறை அணியையும் பயிற்றுவித்ததில்லை. தன் மகனின் சிறுவர் அணியைப் பயிற்றுவித்ததுதான் அனுபவம். அந்த மாதம்கூடத் தொலைக்காட்சியில் இறுதிச் சுற்றுக்கு வர்ணனை செய்துகொண்டிருந்தார். லெப்ரானைவிட ஆறு மாதம்தான் மூத்தவர். மார்ச்சிலிருந்து இருவரும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்திவந்தார்கள்.

இயல்பாகவே, நண்பரை லெப்ரான்தான் கொண்டுவந்தார் என்ற பேச்சு எழுந்தது. தேர்வில் லெப்ரானுக்குப் பங்கில்லை என்று அவருடைய முகவர் ரிச் பால் தரப்பு சொல்லிவந்தது. பதவி தன்னிடம் தரப்படும்வரை அதைப் பற்றி இருவரும் பேசவில்லை என்று ரெடிக்கும் விளக்கினார். இதில் ஆழமாகப் போவதில் பயனில்லை. வெளியேறும் உரிமை கையில் இருக்கும் நட்சத்திரம் வாயைத் திறக்காமலே தேர்வறையில் உட்கார்ந்திருப்பார், அதுவே போதும்.

27-ஆம் தேதி டிராஃப்டின் 55-ஆவது இடத்தில் லேக்கர்ஸ் லெப்ரானின் மகன் பிரானி ஜேம்ஸைத் தேர்ந்தெடுத்தது. 29-ஆம் தேதி லெப்ரான் தன் ஆப்ஷனைத் துறந்தார். ஆனால் வேறெங்கும் போகவில்லை. இரண்டு ஆண்டுக்குப் புதிய ஒப்பந்தம், இரண்டாவது ஆண்டு மறுபடியும் அவர் விருப்பம். முதலில் சுமார் 10.4 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அணி இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே நிற்பதற்காகச் சற்றுக் குறைத்து, சுமார் 10.14 கோடிக்குக் கையெழுத்திட்டார். தன் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது என்ற தடுப்புரிமையும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. என்.பி.ஏ.யில் எட்டு ஆண்டும் அதே அணியில் நான்கு ஆண்டும் ஆடியவர்களே அதைக் கேட்க முடியும். கிடைத்தவர்கள் மிகச் சிலர்.

புதியவரான ரெடிக்குக்குத் துணையாக, தலைமைப் பதவியில் நீண்ட அனுபவம் கொண்ட நேட் மெக்மில்லனையும் ஸ்காட் புரூக்ஸையும் உதவியாளர்களாகச் சேர்த்தார்கள். பயிற்சியாளர் அறிவிப்பு வரும்போது இந்த இரண்டாம் வரிசைப் பெயர்களையும் தேடிப் பாருங்கள். தாங்கள் அமர்த்தியவரிடம் என்ன குறை இருக்கிறது என்று நிர்வாகமே நினைக்கிறது என்பது அங்கே தெரியும்.

ரெடிக்கின் முதல் சீசன் 50 வெற்றி, 32 தோல்வி, மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். 2024 அக்டோபர் 22 அன்று லெப்ரானும் பிரானியும் என்.பி.ஏ. வரலாற்றில் ஒரே நேரத்தில் களத்தில் ஆடிய முதல் தந்தையும் மகனும் ஆனார்கள். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் ஆந்தனி டேவிஸைக் கொடுத்து, டாலஸிலிருந்து 25 வயது லூக்கா டான்சிச்சை வாங்கியது. அந்த நாளிலேயே பயிற்சியாளர் பதவியின் பொருளும் மாறிவிட்டது. லெப்ரானின் கடைசி ஆண்டுகளுக்காக வந்தவர் என்று பேசப்பட்ட ரெடிக், அடுத்த பத்தாண்டின் நட்சத்திரத்துக்கும் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் குறைகள் உண்டு, மினசோட்டா ஆட்டம் அதற்குச் சாட்சி. ஆனாலும் அந்தத் தேர்வு நான் மேலே சொன்ன சோதனையில் தேறியது என்றே சொல்வேன். பெரும்பகுதி தற்செயல்தான்; அவரை அமர்த்தியபோது டான்சிச் வருவார் என்று எவருக்கும் தெரியாது.

2025 ஜூன் 29 அன்று லெப்ரான் இந்த முறை ஆப்ஷனை ஏற்று, 5.26 கோடி டாலருக்கு 2025-26 சீசனை ஆடச் சம்மதித்தார். அன்று ரிச் பால் வெளியிட்ட கூற்றின் சாரம், பட்டத்துக்குப் போட்டியிடவே லெப்ரான் விரும்புகிறார், லேக்கர்ஸ் எதிர்காலத்துக்காக அணியைக் கட்டுகிறது என்பதும் அவருக்குப் புரிகிறது என்பது. ஆகஸ்டில் டான்சிச் மூன்று ஆண்டுக்கு 16.5 கோடி டாலர் நீட்டிப்பில் கையெழுத்திட்டார். சீசன் தொடங்கும் முன் ரெடிக்கின் ஒப்பந்தத்தையும் லேக்கர்ஸ் நீட்டித்தது. லெப்ரானுக்கு நீட்டிப்பு எதுவும் இல்லை. அவருடைய ஒப்பந்தம் 2025-26 சீசனோடு முடிகிற வகையில் நின்றது.